படத்துக்கு முன்னால் விளக்கு வேண்டாம்: வன்னியில் ஓர் இலச்சினை உருவான விதம்

2018 ஜூலைக் கடைசியில் மூன்று அம்மாமாரும் ஒரு ஐயாவும் நான் வேலை செய்த அச்சகத்துக்கு வந்தார்கள். கடை கிளிநொச்சியில், ஏ9 வீதியோரம். ஓகஸ்ட் 30, சர்வதேச காணாமல் ஆக்கப்பட்டோர் தினம், கிட்ட வந்துகொண்டிருந்த நேரம். தங்கள் கிராமத்தில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் சேர்ந்து சிறு குழுவாக இயங்குவதாகச் சொன்னார்கள். கடிதத் தலைப்புக்கும் பதாகைக்கும் முத்திரைக்கும் பொதுவாக ஓர் அடையாளம் வேண்டும் என்று கேட்டார்கள். இலச்சினை, லோகோ என்ற சொல்லெல்லாம் அவர்கள் வாயில் வரவில்லை. “எங்கட கடிதம் எண்டு பார்த்த உடன தெரியோணும் தம்பி” என்றார் மூத்த அம்மா.

ஒரு கிழமையில் முடித்துவிடலாம் என்று நினைத்துத்தான் வேலையை எடுத்தேன். நான்கு தடவை திருத்தினேன். ஒரு தடவை அச்சடித்த பதாகை முழுவதையும் கழித்தோம். இப்படியான வேலைகளை எடுக்கும் இளம் வடிவமைப்பாளர்கள் இன்று வன்னியில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் விட்ட பிழைகளை அவர்கள் திரும்பவும் விடக்கூடாது என்பதால் நடந்ததை எழுதிவைக்கிறேன்.

போராட்டத்தின் நிலை

2017 ஜனவரி 23 அன்று வவுனியாவில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் சாகும்வரை உண்ணாவிரதம் தொடங்கினார்கள். நான்காம் நாள் அரசு கொடுத்த வாக்குறுதியில் அது நிறுத்தப்பட்டது. வாக்குறுதியால் ஒன்றும் நடக்கவில்லை. பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் கொட்டகை போட்டுத் தொடர் போராட்டம் ஆரம்பமானது. பெப்ரவரி 24 அன்று வவுனியாவிலும், மார்ச் 8 அன்று முல்லைத்தீவிலும் கொட்டகைகள் எழுந்தன. அதே காலத்தில் கேப்பாப்புலவு பிலக்குடியிருப்பு மக்கள் தங்கள் காணியைக் கேட்டு விமானப்படை முகாம் வாசலில் ஒரு மாதம் இருந்து, மார்ச் 1 அன்று உள்ளே போனார்கள். வன்னி முழுக்கத் தெருவோரத்தில் இருந்த வருடம் அது.

கொட்டகைக்குள் போனவர்களுக்குத் தெரியும், அங்கே முதலில் கண்ணில் படுவது முகங்கள்தான். கயிற்றில் வரிசையாகக் கட்டிய படங்கள். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் ஒரு கதை இருக்கிறது, ஆனால் நான் இங்கே சொல்ல வருவது படத்தைப் பற்றியே. 2009இல், போரின் கடைசி மாதங்களில், மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று ஓடிய குடும்பங்களின் கையில் கடைசியாக எஞ்சியது ஒரு ஷொப்பிங் பை. அதற்குள் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, காணி உறுதி. அல்பம் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் குறைவு. அதனால் கொட்டகையில் தொங்கிய படங்களில் பாதி, அடையாள அட்டைக்கு எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தைப் பெருப்பித்தவை. மிச்சம் பள்ளிக்கூடக் குழுப்படத்திலிருந்து வெட்டி எடுத்தவை. தோளில் யாரோ ஒரு நண்பனின் கை கிடக்கும். சில படங்களில் பதுங்குகுழி ஈரம் பட்ட கறை முகத்துக்குக் குறுக்கே ஓடும்.

இன்னொரு விடயமும் உண்டு. பிளெக்ஸில் அடித்த படம் வன்னி வெயிலில் சில மாதம் தொங்கினால் மஞ்சளும் சிவப்பும் முதலில் போய்விடும், நீலமும் கறுப்பும் நிற்கும். கொட்டகை வாசலில் வெயில்பட்ட முகமெல்லாம் நீலம் பாரித்திருந்தது. “பிள்ளையின்ர முகம் வெளிறிப்போச்சு, இன்னொண்டு அடிச்சுத் தா” என்று அம்மாமார் எங்கள் கடைக்கு வருவது அதனால்தான்.

முதல் வரைவு

நான் செய்த முதல் வரைவைச் சொல்ல இப்போதும் மனம் கூசுகிறது. சாம்பல் நிறத்தில் ஒரு ஆணின் நிழலுரு, அதற்கு முன்னால் எரியும் சுட்டி விளக்கு, இரண்டு பக்கமும் பூங்கொடி, கீழே வளைவாகக் குழுவின் பெயர். கணினித் திரையில் அழகாகத்தான் இருந்தது.

மூத்த அம்மா நீண்டநேரம் பார்த்தார். பிறகு விரலால் விளக்கைத் தொட்டுச் சொன்னார்: “விளக்கு வைக்காதை தம்பி. என்ர பிள்ளை செத்ததெண்டு ஆர் உனக்குச் சொன்னது?”

எனக்கு வாய் எழவில்லை. நம் வீடுகளில் படத்துக்கு மாலை போட்டு, முன்னால் விளக்கு வைத்தால் என்ன அர்த்தம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்துகொண்டே செய்திருந்தேன். நினைவு, துயரம் என்று யோசித்ததும் விளக்கும் பூவும் தானாக வந்துவிட்டன. இந்தப் போராட்டத்தின் முழுப் பாரமும் நிற்கும் இடம் அதுதான் என்பதை நான் யோசிக்கவில்லை. உறவுகள் கேட்பது ஒரு கேள்விக்குப் பதில்: போர் முடிவில் இராணுவத்திடம் கையளித்த பிள்ளை எங்கே? விளக்கு அந்தக் கேள்வியை மூடிவிடுகிறது. பின்னர் 2020 ஜனவரியில் அன்றைய ஜனாதிபதி, காணாமல் போனவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள் என்றும் இறப்புச் சான்றிதழ் வழங்கலாம் என்றும் ஐ.நா. பிரதிநிதியிடம் சொன்னபோது கொட்டகைகளில் எழுந்த கோபத்தைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். 2022இல் ஒரு குடும்பத்துக்கு ஒரு இலட்சம் ரூபா என்று அறிவித்தபோதும் அதே கோபம்தான். என் வரைவிலிருந்த சுட்டி விளக்கு, படத்தில் அடித்த ஓர் இறப்புச் சான்றிதழ்.

நெருப்பே கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. இதை விளங்கிக்கொள்ள எனக்கு இன்னும் சில நாள் எடுத்தது. அம்மாமார் கோவில் வாசலில் கற்பூரம் கொளுத்துகிறார்கள், தேங்காய் உடைக்கிறார்கள், தீச்சட்டி ஏந்துகிறார்கள். அது நேர்த்தி, தெய்வத்திடம் வைக்கும் முறைப்பாடு. மே 18 அன்று முள்ளிவாய்க்காலில் ஏற்றும் சுடர் அஞ்சலி, இறந்தவர்களுக்கு உரியது. அன்றைக்குச் சிரட்டையில் ஊற்றும் கஞ்சியும் அப்படித்தான்; அரிசியும் தண்ணீரும் உப்பும் மட்டும் போட்ட அந்தக் கஞ்சி செத்தவர்களோடு நாம் பகிரும் பசி. ஒரே தாய் மே 18இல் ஷெல்லடியில் செத்த மகளுக்குச் சுடர் ஏற்றிவிட்டு, ஓகஸ்ட் 30இல் கையளித்த மகனின் படத்தை மாலையில்லாமல் பிடித்து நிற்கிறாள். அந்த வித்தியாசத்தை அவள் ஒருநாளும் குழப்புவதில்லை. குழப்பியது நான்.

நிழலுருவும் நிற்கவில்லை. “பொம்பிளைப் பிள்ளையளும்தானே போனதுகள்” என்றார் இன்னொரு அம்மா. ஐயா சொன்னது அதைவிடக் கனமானது. அவருடைய மகளும் மருமகனும் பிள்ளைகளோடு சேர்ந்தே போனவர்கள். கைக்குழந்தைக்கு எந்த நிழலுரு வரைவது?

எதை எல்லாம் தொடமுடியாது

இரண்டாவது வரைவுக்கு முன் ஒரு தாளை எடுத்து, பாவிக்கக்கூடாதவற்றை ஐயாவோடு இருந்து எழுதினேன். வன்னியில் ஒரு சின்னம் வரைய வெளிக்கிட்டால் பாதிப் பொருட்களுக்கு ஏற்கெனவே சொந்தக்காரர் இருக்கிறார்கள். வீடு தமிழரசுக் கட்சியின் சின்னம். சைக்கிள் தமிழ்க் காங்கிரஸ். வீணை ஈ.பி.டி.பி. நீலம், பச்சை, கடுஞ்சிவப்பு எல்லாம் தெற்கின் கட்சிகள். சிவப்பும் மஞ்சளும் கோவில் திருவிழாவில் தோரணமாகத் தொங்கும்போது எவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அதே நிறத்தைப் போராட்டப் பதாகையில் வைத்தால், புலிக்கொடியின் நிறம் என்று அம்மாவின் வீட்டுக்கு இரவில் விசாரணைக்கு ஆள் வரும். புலிகளின் மாவீரர் நினைவோடு சேர்ந்த கார்த்திகைப்பூவும் அப்படித்தான். என் கருத்தைக் கேட்டால், பூவை வரைய ஒரு சமூகத்துக்கு உரிமை இருக்கவேண்டும், அதைத் தடுப்பது அநியாயம். ஆனால் அந்த வழக்கை ஒரு 68 வயது அம்மாவின் தலையில் கட்டிவிட எனக்கு உரிமையில்லை.

வெளிநாட்டு உதாரணங்களையும் பார்த்தேன். ஆர்ஜென்டீனாவில் 1977 ஏப்ரல் 30 அன்று 14 தாய்மார் மே சதுக்கத்தில் கூடித் தொடங்கிய போராட்டத்துக்குச் சின்னம் வெள்ளைத் தலைத்துணி. அந்த வருட ஒக்டோபரில் லூஹான் மாதா கோவில் யாத்திரையில், கூட்டத்துக்குள் ஒருவரையொருவர் கண்டுபிடிக்க, குழந்தைக்குக் கட்டும் நப்பித் துணியைத் தலையில் கட்டிக்கொண்டார்கள். எந்த வடிவமைப்பாளரும் வரைந்து கொடுக்காத சின்னம். இன்று அந்தச் சதுக்கத்தின் தரையிலேயே அது வரையப்பட்டிருக்கிறது. ஒரு குழந்தை சுண்ணக்கட்டியால் வரைந்தாலும் பிசகாது. அதை அப்படியே எடுத்துவரலாமா என்று ஒரு நாள் யோசித்தேன். முடியாது. இங்கே வெள்ளைத்துணி கைம்பெண்ணுக்கு உரியது. கணவனைத் தேடும் பெண்கள் பொட்டை அழிக்காமல், தாலியைக் கழற்றாமல் கொட்டகைக்கு வருகிறார்கள். சில வீடுகளில் மாமியாரோடு சண்டை பிடித்துத்தான் அந்தப் பொட்டு நெற்றியில் நிற்கிறது. அவர்கள் தலையில் வெள்ளையைக் கட்டச் சொல்ல எனக்கு என்ன தைரியம்?

தெற்கிலே, சீதுவைக்குப் பக்கத்தில் ரத்தொலுவைச் சந்தியில் உள்ள நினைவிடத்தையும் பார்த்திருக்கிறேன். எண்பதுகளின் கடைசியில் காணாமல் ஆக்கப்பட்ட சிங்கள இளைஞர்களின் முகங்கள் அங்கே சுவரில் பதித்திருக்கின்றன. ஒவ்வொரு ஒக்டோபர் 27இலும் குடும்பங்கள் கூடுகின்றன. அங்கும் முகம்தான். நாட்டின் இரண்டு பக்கத்திலும் தாய்மார் ஒரே பொருளைத்தான் தூக்கியிருக்கிறார்கள்.

கையில் இருந்த சின்னம்

திருப்பம் வந்தது கடையில் அல்ல, கொட்டகையில். ஒரு மத்தியானம் அங்கே போய் ஓரமாக இருந்தேன். வீதியால் வெளிநாட்டுக்காரர் வந்த வாகனம் ஒன்று மெதுவாகியது. படுத்திருந்த அம்மா எழும்பினார். சேலைத் தலைப்பால் படத்தின் லமினேட்டைத் துடைத்தார். இரண்டு கையாலும் பிடித்து நெஞ்சோடு வைத்து நின்றார். எட்டு விரல் முன்னால், இரண்டு பெருவிரலும் பின்னால். படத்தின் மேல்விளிம்பு சரியாக நாடியின் கீழே. வாகனம் போய்விட்டது. அவர் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

நான் தேடிய இலச்சினை எனக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது. புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை.

வற்றாப்பளைக்குப் போய்வருகிற எங்களுக்கு இது முதலே விளங்கியிருக்க வேண்டும். முல்லைத்தீவுக் கடலில் எடுத்த உப்புநீரில் விளக்கெரியும் அந்தக் கோவிலில் நாம் கும்பிடுகிற அம்மன் யார்? அரசன் முன்னால் போய், கையில் ஒரு சிலம்பைப் பிடித்துக்கொண்டு, நீ செய்தது பிழை என்று கேட்ட பெண். அவள் ஏந்தியது கொடியல்ல, சாட்சிப் பொருள். அடையாள அட்டைப் படம் அதுபோல ஒரு சாட்சி. அரசாங்கமே எடுக்கச் சொன்ன படம், அரசாங்கமே இலக்கம் கொடுத்த ஆள். கேப்பாப்புலவு மக்கள் முகாம் வாசலில் காணி உறுதியைத் தூக்கிக் காட்டியதும் அதே வகைதான். வவுனியாவில் சிலர் அமெரிக்கக் கொடியையும் ஐரோப்பிய ஒன்றியக் கொடியையும் பிடிக்கிறார்கள். யாரிடம் கேட்கிறோம் என்பதைக் கொடி சொல்கிறது. எதைக் கேட்கிறோம் என்பதைப் படம்தான் சொல்கிறது என்பது என் எண்ணம்.

மூன்றாவது வரைவு நிலைச்செவ்வகம் ஒன்று, அடையாள அட்டைப் படத்தின் அகல உயரக் கணக்கில். இரண்டு பக்கமும் அதைப் பிடிக்கும் விரல்கள். உள்ளே ஒன்றுமில்லை. ஒருவரின் முகத்தை வைத்தால் மற்றவரின் பிள்ளை எங்கே போவது என்பதால் வெற்றிடம். பதாகையில் அந்த வெற்றிடத்தில் அவரவர் படத்தை ஒட்டலாம், கடிதத் தலைப்பில் வெறுமையாக நிற்கும். நிறம் கறுப்பு மட்டும். போட்டோக்கொப்பி எடுத்தாலும் அதே சின்னம், வெயிலில் தொங்கினாலும் நீலமாகாது.

சிறிய அளவில்தான் சிக்கல் வந்தது. இறப்பர் முத்திரையிலும் வட்ஸ்அப் வட்டத்துக்குள்ளும் நான்கு விரலும் ஒன்றாக ஒட்டிக் கட்டியாகத் தெரிந்தன. பக்கத்துக்கு மூன்றாகக் குறைத்தேன். தொழிலில் எல்லோரும் செய்கிற வேலைதான். அம்மாமாரிடம் காட்டியதும் ஒருவர் எண்ணிப் பார்த்துவிட்டு, “ஒரு விரல் எங்க?” என்று கேட்டார். ஷெல்லில் விரல் இழந்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கும் மண்ணில் குறைந்த விரலை எவரும் வெறும் வடிவமாகப் பார்ப்பதில்லை. திரும்ப நான்காக்கினேன். விரலுக்கிடையே வெள்ளை இடைவெளியைக் கூட்டி, செவ்வகத்தின் கோட்டை மெலிதாக்கினேன். 15 மில்லிமீற்றர் முத்திரையிலும் இப்போது எண்ணலாம்.

எழுத்து

சின்னத்தை விட எழுத்தில்தான் நாங்கள் பெரிய பிழை விட்டோம். ‘வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்பது நீளமான தொடர். ஒடுங்கிய பதாகையில் அடங்காது. அச்சடிக்கும் நாள் நான் கடையில் இல்லை. இடம் போதாது என்று பார்த்து, எங்கள் கடைப் பொடியன் நல்லெண்ணத்தோடு ‘காணாமல் போனோர்’ என்று சுருக்கிவிட்டான். நாற்பது பதாகை.

ஐயா ஒரு பதாகையை விரித்துப் பார்த்துவிட்டு மெதுவாகச் சுருட்டி மேசையில் வைத்தார். “போனோர் எண்டால் அவை தாங்களா வெளிக்கிட்டுப் போனவை எண்டல்லோ வருது.” 2016இன் 14ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த அரச அலுவலகத்தின் தமிழ்ப் பெயரில் இருப்பது ‘காணாமற்போன’ என்ற சொல். உறவுகளின் பதாகையில் இருப்பது ‘ஆக்கப்பட்ட’. போனான் என்றால் செய்தவன் அவன். ஆக்கப்பட்டான் என்றால் செய்தவன் வேறொருவன் இருக்கிறான், அவனைக் காட்டு என்று வருகிறது. ஒரு வினைச்சொல்லின் வடிவத்துக்குள் வழக்கு முழுவதும் இருக்கிறது. நாற்பதையும் எங்கள் செலவில் திரும்ப அடித்தோம்.

அந்தப் பிழைதான் எழுத்தமைப்பையும் தீர்மானித்தது. ‘காணாமல்’ மேல்வரியில் மெல்லிய எழுத்தில், ‘ஆக்கப்பட்டோர்’ கீழ்வரியில் தடித்த எழுத்தில், செவ்வகத்தின் அகலத்துக்கு இரண்டு மடங்காக. மூன்று மொழியிலும் ஒரே கனம் கொடுத்தோம். இங்கே ஒரு தொழில் குறிப்பு: எங்கள் பக்க அச்சகங்களில் இன்னும் பாமினி எழுத்துரு ஓடுகிறது. பாமினியில் செய்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் முழுக்கக் குப்பையாகிவிடும். சின்னத்தில் வரும் எழுத்தைக் கோட்டுருவாக (அவுட்லைன்) மாற்றிக் கொடுத்துவிடுங்கள். சிங்களத்தை அந்த மொழி தெரிந்த ஒருவர் வாசித்த பிறகே அச்சுக்கு விடுங்கள். கொம்பு ஒன்று மாறிய பதாகையைப் பிடித்து அம்மா கமராவுக்கு முன்னால் நிற்கக்கூடாது.

படத்தின் கீழே வரும் விபரத்திலும் ஒன்றைக் கற்றுக்கொண்டேன். முதலில் பிறந்த திகதியையும் காணாமல் ஆக்கப்பட்ட திகதியையும் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று வைத்தேன். அது அப்படியே பத்திரிகை அஞ்சலி விளம்பரத்தின் மலர்வு, உதிர்வு. அதை உடைத்து ஒரு வசனமாக்கினோம்: ‘2009 மே 18, வட்டுவாகலில் இராணுவத்திடம் கையளித்தோம்.’ வயதை எழுதவில்லை. அன்றைய வயதை எழுதினால் பிள்ளை அங்கேயே நின்றுவிடுகிறான், இன்றைய வயதை எழுதினால் படத்தில் இருக்கும் முகம் பொருந்தாது. பிறந்த ஆண்டை மட்டும் போட்டோம். ஒரு அம்மா, மகனின் படத்தைக் கணினியில் கொஞ்சம் முதிர்ச்சியாக்கித் தரமுடியுமா என்று கேட்டார். “இப்ப அவனுக்கு மீசை வடிவா வந்திருக்கும்.” முயன்று பார்த்தேன். வந்த முகம் யாரோ ஒருவனுடையது. காட்டாமல் அழித்துவிட்டு, முடியவில்லை அம்மா என்று சொன்னேன்.

பாவனையில்

ஓகஸ்ட் 30க்கு முதல் நாள் பதாகைகள் போய்ச் சேர்ந்தன. எல்லாம் நினைத்தபடி நடக்கவில்லை. பசையால் ஒட்டிய படங்கள் வெயிலில் ஓரம் கழன்றன. அடுத்த வருடம் லமினேட் படத்தைச் செருகிவைக்க நான்கு மூலையிலும் வெட்டு வைத்தோம். வெற்றிடத்தோடு மட்டும் வந்த கடிதத் தலைப்பைப் பார்த்து, படம் அடிபடவில்லையா என்று கேட்ட அலுவலர்களும் இருந்தார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அம்மாமாருக்கு ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது என்று ஐயா சொன்னார்.

நான் எதிர்பாராதது ஒன்று: வெற்றுச் செவ்வகத்தை அம்மாமாரே கையால் வரையத் தொடங்கினார்கள். அட்டையில் மாக்கரால் ஒரு பெட்டி, பக்கத்துக்கு நான்கு கோடு. கோணலாக இருந்தாலும் அதே சின்னம்தான். கணினியில் நான் பார்த்துப் பார்த்துச் செய்த கோட்டின் கனமெல்லாம் அதில் இல்லை. அதனால் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

2022 ஓகஸ்ட் 12 அன்று கிளிநொச்சிப் போராட்டம் 2000ஆவது நாளைத் தொட்டது. அதற்குள் பல பெற்றோர் போய்விட்டார்கள்; தேடிக்கொண்டே இறந்தவர்கள் நூறுக்கும் மேல் என்று சங்கத்தினர் சொல்கிறார்கள். எங்கள் மூத்த அம்மாவும் அவர்களில் ஒருவர். முப்பத்தோராம் நாள் முடிந்த கிழமை அவருடைய மகள் கடைக்கு வந்தார். அம்மாவின் படத்தையும் அண்ணனின் படத்தையும் ஒரே பதாகையில் அடிக்கமுடியுமா என்று கேட்டார். அடித்துப் பார்த்தோம். அம்மாவுக்கு மாலை இருந்தது, அண்ணனுக்கு இல்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் அம்மாவின் மாலை அண்ணனையும் தொட்டது.

திரையைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “வேண்டாம் அண்ணா, வேற வேறயா அடியுங்கோ” என்றார். அம்மாவின் படம் கொட்டகைச் சுவருக்கு, மாலையோடு, விளக்கு வைக்க இடம் விட்டு. அண்ணனின் படம் பழைய அளவிலேயே, மாலையில்லாமல், நெஞ்சோடு பிடிக்க.

“அளவு மாத்த வேண்டாம். அம்மா பிடிச்ச சட்டம் வீட்டில கிடக்கு, அதுக்குள்ளதான் போடப்போறன்.”